டுரியான் மரத்தைச் சுத்தம் செய்தவர்

மரத்தின் மேல் எது முளைத்தாலும் அது மரத்தின் ரத்தத்தைக் குடிக்கத்தான் வந்திருக்கிறது என்று நம்பும் ஒரு மனிதருடன் நான் குடும்பம் நடத்துகிறேன். அவர் கெட்டவர் இல்லை. கோலசிலாங்கூர் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். பள்ளியை விட்ட கையோடு மரம் சுத்தம் செய்யும் கூட்டத்தில் சேர்ந்தவர். செம்பனையின் உடம்பில் வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டைகள் சுற்றிச் சுற்றி நிற்கும். அந்த இடுக்குகளில் மண்ணும் சருகும் சேரும், பெரணி முளைக்கும். விட்டால் மரத்தையே மூடிவிடும். உதிர்ந்த பழம் அதில் மாட்டிக்கொள்ளும், குலை பழுத்ததா இல்லையா என்பது கீழே நிற்பவனுக்குத் தெரியாது. அதனால் சுரண்டச் சொன்னார்கள். மரத்தை உறிஞ்சுகிறது என்பது தொழிலாளர் குடியிருந்த லயத்தில் நாங்களாகச் சேர்த்துக்கொண்ட காரணம். நானும் அதே லயத்தில் பிறந்தவள்தான். கல்யாணமான புதிதில் அவரோடு ஒரே நிரையில் நின்று சுரண்டியிருக்கிறேன்.

அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. நாங்கள் கெர்லிங்குக்கு வந்து பல காலமாகிறது. அவர் லோரி ஓட்டினார். எனக்குக் கோலகுபு பாருவைத் தாண்டி மலைச் சாலையில், பாதி உயரத்தில் இருக்கும் ஒரு செடிப் பண்ணையில் வேலை. அதை நடத்துபவர் செகிஞ்சானில் நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்த சீன அம்மா. அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே டீச்சர் என்று கூப்பிடுவதால் எனக்கும் டீச்சர்தான். எங்களுக்குள் பேச்செல்லாம் மலாயில்.

பண்ணையில் இரண்டு வகைக் குடிமக்கள். தரையில், தொட்டிகளில், வரிசையாகப் புரோமிலியாட். சிவப்பு, ஊதா, வரிவரியாகப் பச்சை என்று கண்ணைப் பறிக்கும். அன்னாசிக்குப் பங்காளி. இலைகள் ஒன்றையொன்று அணைத்து நடுவில் ஒரு கிண்ணம்போல நிற்கும், அதில் தண்ணீர் தேங்கும். அவற்றின் சொந்த ஊர் உலகத்தின் அந்தப் பக்கம், தென் அமெரிக்க மலைக்காடுகள். அங்கே அவை மரக்கிளைகளில் உட்கார்ந்திருக்குமாம், அந்தக் கிண்ணத்துத் தண்ணீரில் தவளை முட்டையிடுமாம். இங்கே கொசுதான் முட்டையிடுகிறது. டிங்கிக் காய்ச்சலுக்குப் பயந்து நான் தண்ணீர்க் குழாயை வைத்து ஒவ்வொரு கிண்ணமாகப் பீய்ச்சிக் கழுவுவேன். கோலாலம்பூர் அடுக்குமாடிக்காரர்கள் இவற்றை வேன் வைத்து வாங்கிப் போவார்கள்.

அந்த வருமானத்தில் சாப்பிடுகிற இரண்டாவது வகைக் குடிமக்கள் மேலே, மரங்களில் இருந்தார்கள். நம் மலையில் புரோமிலியாட் கிடையாது. ஆனால் அதே வேலையைச் செய்ய வேறு கூட்டமே இருக்கிறது. காட்டு ஆர்கிட், கூடுபோல விரியும் பெரணி, தாடிபோலத் தொங்குவது, எறும்புக்கு வீடு கொடுத்து வளர்வது, பாசியோடு பாசியாகக் கண்ணுக்கே தெரியாமல் கிடப்பது. ஒரே மரத்தில் அடியில் ஒரு ஜாதி, நடுக்கிளையில் ஒரு ஜாதி, வெயில் படும் உச்சியில் வேறொரு ஜாதி. மரத்திலிருந்து ஒரு சொட்டுக்கூட எடுக்காது, உட்கார இடம் மட்டும்தான் கேட்கிறது. மழையையும் பனியையும் குடித்துக்கொள்கிறது. மலைச் சாலையில் மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ, சாலை ஒப்பந்தக்காரரிடம் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருக்கும் தமிழ்த் தம்பி டீச்சருக்குப் போன் போடுவான். அவன் ஆட்கள் மரத்தை அறுத்து லோரியில் ஏற்றுவதற்குள் நாங்கள் ஓடிப்போய்க் கிளைகளில் இருப்பதைக் கழற்றிக்கொண்டு வருவோம். முறையாக அனுமதி வாங்கிய வேலை. விழுந்த மரம் மட்டும்தான். நிற்கிற மரத்தில் டீச்சர் கை வைக்க விடமாட்டார். காரை நிறுத்திக் கைக்கு எட்டியதைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் அந்த அம்மாவுக்கு வரும் கோபம் எனக்கே பயமாக இருக்கும்.

கொண்டு வந்ததைப் பழைய காலுறைத் துணியைக் கிழித்து மரத்தோடு கட்டுவேன். வேர் பிடித்த பிறகு துணி இற்றுப்போய்விடும். பண்ணை வாசலில் இருந்த பெரிய டுரியான் மரத்தில் அப்படிப் பல வருடங்களாகக் கட்டிய செடிகள் தாமாகவே வளர்ந்தவைபோல மண்டிக் கிடந்தன. புதிதாகப் பார்க்கிறவருக்கு அது கவனிப்பாரற்ற மரமாகத்தான் தெரியும்.

அந்த மரத்தின் தாழ்ந்த கிளை ஒன்றில்தான் எங்கள் உயிர் இருந்தது. மண் சரிந்து விழுந்த மரத்திலிருந்து எடுத்த ஓர் ஆர்கிட். அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அரிசி அளவுக்குப் பூ, அழுக்கு மஞ்சள் நிறம். டீச்சர் படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார். யாராலும் இன்னது என்று சொல்ல முடியவில்லை. இன்னும் பெயரே வைக்கப்படாததாக இருக்கலாம் என்றார் ஒருவர். அன்றிலிருந்து டீச்சர் காலையில் வந்ததும் முதலில் போய் நிற்பது அந்தக் கிளைக்குக் கீழேதான். பல்குத்தும் குச்சியால் மகரந்தத்தை எடுத்து ஒவ்வொரு பூவாகத் தொட்டு வைத்தோம். ஒரே ஒரு காய் பிடித்தது. அது முற்றி வெடித்தால் தூசிபோல விதை வரும். அதை ஆராய்ச்சிக்கூடத்தில் புட்டியில் விதைத்து நாற்று எடுக்கலாம், மலைக்கே திரும்பக் கொண்டு போகலாம். வெடித்த விதை காற்றில் போய்விடக் கூடாது என்று வெற்றுத் தேயிலைப் பை ஒன்றைக் காயின் மேல் மாட்டி நூலால் கட்டியிருந்தேன். முற்றுவதற்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன.

அந்தச் சமயத்தில்தான் என் கணவருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. இனி லோரியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உழைத்தே பழகிய மனிதர் வீட்டில் என்ன செய்வார்? துணி காயப்போடும் கம்பியை இடம் மாற்றினார். என் சாம்பாரைத் திருத்தினார். மருந்து டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தார். ஒருநாள் மதியம் போன் போட்டேன், எடுக்கவில்லை. அடித்துப் பிடித்துக்கொண்டு மலை இறங்கி வந்தால் மனிதர் குளித்துக்கொண்டிருக்கிறார். அன்று நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். மறுநாளிலிருந்து அவரையும் பண்ணைக்கு அழைத்துப் போனேன்.

டீச்சர் அவருக்குக் கூரைக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டார். டுரியான் மரம் அவருக்கு நேர் எதிரே நின்றது. இரண்டு மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மரம் காய்க்காதா?" என்று கேட்டார்.

"எப்பவாச்சும் ரெண்டு காய் புடிக்கும். ரொம்ப வருசமாவே அப்படித்தான்" என்றேன்.

"எப்படிக் காய்க்கும்? இம்புட்டையும் சொமந்துக்கிட்டு நிக்குதே."

என் கை நிறைய வேலை. ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தொட்டிகளைக் கழுவப் போய்விட்டேன். மேலே இருப்பது நாங்கள் கட்டியது என்று அவருக்குச் சொல்ல வேண்டும் என எனக்கும் தோன்றவில்லை, டீச்சருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அது வெளிச்சம்போலத் தெரிந்த விஷயம்.

பெருமழை பெய்து ஓய்ந்த ஒரு காலை, மேலே மரம் விழுந்துவிட்டது என்று மண்டோர் தம்பி கூப்பிட்டான். நானும் டீச்சரும் சாக்குகளை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வரும்போது மதியம் ஆகிவிட்டது.

முதலில் நான் பார்த்தது ஏணி. அதன் உச்சியில் என் கணவர். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது, கையில் நீண்ட கம்பில் கட்டிய அரிவாள். தைத்த நெஞ்சு பிளந்துகொண்டு மனிதர் கீழே விழப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறங்குங்க, இறங்குங்க என்று கத்தினேன். அவர் நிதானமாக இறங்கினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"மேல ஒன்னும் கஷ்டமில்லலா. பாதிய கீழ நின்னே இழுத்துட்டேன்" என்றார். "பாரு இப்ப. மரம் மூச்சு வுடுது."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அடிமரத்திலிருந்து கவட்டை வரை, கவட்டையிலிருந்து எட்டிய கிளை எல்லாம், பட்டை தெரிய வழித்தெடுத்திருந்தார். பாசிகூட இல்லை. கீழே, தோட்டத்தில் அடுக்குவதுபோலவே, வெட்டியதையெல்லாம் ஒரே நேராக அடுக்கி வைத்திருந்தார். ஒரு முனையில் நெருப்பு வைத்து அது புகைந்துகொண்டிருந்தது. தொட்டியில் இருந்த புரோமிலியாட் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. தொட்டியில் இருப்பது யாரோ வளர்ப்பது, மரத்தில் இருப்பது குப்பை. அவர் கணக்கு அது.

"யாரோ தேத்தண்ணிப் பைய வேற மரத்துல தொங்கவுட்டு இருக்காங்க. அத மட்டும் குப்பத்தொட்டியில போட்டேன், நெருப்புல போடல" என்றார்.

டீச்சர் சாக்கைக் கீழே போட்டார். குப்பைத்தொட்டியில் கையை விட்டுத் துழாவினார். பையோடு காய் கிடைத்தது, பிஞ்சுப் பச்சையாக, காம்பு கிழிந்து. நான் நெருப்பை மிதித்து அணைத்தேன். அந்த ஆர்கிட்டில் வேரோடு ஒரு துண்டுதான் மிஞ்சியது. மற்றவற்றில் பிழைக்கக்கூடியதைப் பொறுக்கிக் கூடைகளில் போட்டோம். என் கணவர் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவருக்குக் கூடமாட குப்பை அள்ளுவதாக நினைத்திருப்பார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வாயைத் திறந்தேன். டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தினார். கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், நெஞ்சை இப்போதுதான் தைத்திருக்கிறார்கள், சொல்லாதே, செடி வராது, மனிதராவது இருக்கட்டும் என்றார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அவருக்கு மலாயில் நன்றி சொல்லிக் காப்பி கலக்கிக் கொடுத்தார். 

காய் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனது. ரொம்பப் பிஞ்சு என்றார்கள், இருந்தாலும் விதைத்துப் பார்த்தார்கள். முளைக்கவில்லை. மிஞ்சிய துண்டைப் பின்பக்கத்து மரத்தில் கட்டி டீச்சர் தினமும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அது சுருங்கிப் பழுப்பாகி ஒருநாள் கையோடு வந்துவிட்டது. முன்பு எடுத்த அதே சரிவில் பல தடவை ஏறித் தேடினோம், இன்னொன்று கிடைக்கவில்லை. டீச்சர் காலையில் வந்ததும் டுரியான் மரப் பக்கம் பார்க்காமல் உள்ளே போகப் பழகிக்கொண்டார்.

இதற்கிடையில் நல்ல வெயில் காலம் ஒன்று வந்தது. மலைச் சாலை நெடுகிலும், யாரும் தொடாத மரங்கள் உட்பட, எல்லா டுரியான் மரங்களும் பூத்துக் குலுங்கின. எங்கள் மரமும்தான். சாலையில் நின்ற மற்ற மரங்கள் ஒன்றும் என் கணவர் கண்ணில் படவே இல்லை. பூவைப் பார்த்தார், பிஞ்சைப் பார்த்தார், நாளுக்கு நாள் நிமிர்ந்து நடந்தார். மாத்திரையை நான் சொல்லாமலே போட்டுக்கொண்டார். என் சாம்பாரைத் திருத்துவதை விட்டுவிட்டார். டாக்டரே ஆச்சரியப்பட்டார். நான் பாதி சந்தோஷப்பட்டேன், பாதி எரிந்தேன். ஒவ்வொரு நாளும் வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அந்த மரத்தின் பெருமையைக் கேட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தது. போதாததற்குப் பின்பக்கத்து மரங்களையும் ஒரு கை பார்த்துவிடுவதாகச் சொல்ல ஆரம்பித்தார். அரிவாளை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

டுரியான் விழத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. செடி வாங்க வந்தவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். என் கணவர் மரத்தடியில் மேசை போட்டு எல்லாருக்கும் பழம் உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சுளையை டீச்சர் கையில் வைத்தார். டீச்சர் வாங்கிச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். 

"மண்டோர் தம்பிகிட்ட பேசிட்டேன்" என்றார் என்னிடம், பாராங் கத்தியைத் துடைத்துக்கொண்டே. "ரோட்டோரம் நிக்கிற மரமெல்லாம் நம்ம மரம் மாதிரிதான் கெடக்கு. கெள ஒடைஞ்சி காரு மேல வுழுதுன்னா ஏன் வுழாது, அம்புட்டு கனம். அவனும் சரிங்கறான். அடுத்த வாரம் ஆள வுட்டு செரண்ட சொல்றான். எப்படி செரண்டணும்னு நான் போயி காட்டித் தர்றேன்."

 மேல் வரைக்கும் அந்தச் சாலை என் கண்ணுக்கு முன்னால் பட்டை உரிந்து நின்றது.

"உங்களுக்கு அறிவிருக்கா?" என்று கத்தினேன். "அது குப்ப இல்ல. நாங்க கட்டுனது. காட்டுலேர்ந்து தூக்கியாந்து ஒவ்வொன்னா கட்டுனது. ஒலகத்துலயே பேரில்லாத செடி ஒன்னு இருந்துச்சி, அதயும் கொன்னுட்டீங்க. எல்லாத்தையும் கொன்னுட்டு பழம் வேற வெட்டிக் குடுக்கிறீங்க! இந்த வருசம் எல்லா மரமும்தான் காய்ச்சிருக்கு, கண்ணத் தொறந்து பாருங்க!"

செடி வாங்க வந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். தமிழ் தெரியாதவர்களுக்கும் புரிந்திருக்கும். டீச்சர் என் பெயரைச் சொல்லி அதட்டினார். நான் நிறுத்தவில்லை. காய், தேயிலைப் பை, புட்டியில் முளைக்காமல் போன விதை, டீச்சர் அன்று அவருக்குச் சொன்ன நன்றி, ஒன்று விடாமல் அத்தனையையும் அங்கேயே கொட்டினேன். மாதக்கணக்கில் அடக்கி வைத்தது.

அவர் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்ப தோட்டத்துல?" என்று கேட்டார். "செம்பனையில நாம செரண்டுனது? அதுவும் மரத்த ஒன்னும் பண்ணலயா?"

"ஒன்னும் பண்ணல" என்றேன். என் குரல் இன்னும் இறங்கவில்லை.

அவர் பாராங் கத்தியை மேசையில் வைத்தார். துணியில் கையைத் துடைத்துப் போனை எடுத்தார். அங்கேயே, எல்லார் முன்னாலும் நின்றபடி மண்டோர் தம்பியைக் கூப்பிட்டார். "தம்பி, நாந்தான். அந்த மரத்துல எல்லாம் கை வைக்காதீங்கப்பா. நான் தெரியாம சொல்லிட்டேன். அது மரத்துக்குக் கெடுதி பண்ணாதாம். ஆமா. எனக்கு இப்பதான் தெரியும். ஒங்க ஆளுங்ககிட்டயும் சொல்லிடுப்பா" என்றார். அவன் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இல்லப்பா, ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி வைத்தார்.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மேசையில் இருந்த தோலையெல்லாம் அவரே அள்ளிக் குழியில் போட்டார். டீச்சர் இரண்டு பழங்களைப் பையில் போட்டு நீட்டினார். அவர் இரண்டு கையையும் கூப்பி வேண்டாம் என்றார். டீச்சர் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

காருக்கு நடந்தோம். எனக்கு அதற்குள் கோபம் வடிந்துவிட்டது. பயம்தான் மிச்சமிருந்தது. அவர் மூச்சைக் கவனித்துக்கொண்டே நடந்தேன். கார் கதவருகே வந்ததும் நின்றார்.

"நீயும் தோட்டத்துல பொறந்தவதானே" என்றார். "ஒனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சிச்சி?"

"வேலைக்கு வந்த புதுசுல நானும் ஒரு பெரணியப் புடுங்கப் போனேன். டீச்சர் பாத்துட்டாங்க. உக்கார வச்சி சொன்னாங்க."

"சத்தம் போட்டாங்களா?"

"இல்லங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டார்.